நிறுத்தத் தெரிந்த பந்தயம்: சைக்கிள் போட்டிகளும் அரியலூர் பாடமும்

முன்னுரை

எந்தப் பந்தயத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் தொடக்கத்துக்கு ஒரு கொடி உண்டு, ஒரு விசில் உண்டு, கைதட்டக் கூட்டமும் உண்டு. முடிவுக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. ஆனால் நடுவழியில் யாராவது விழுந்து அடிபட்டுவிட்டால், பந்தயத்தை நிறுத்துவதற்கு என்ன உண்டு? யார் நிறுத்துவது? எப்படி நிறுத்துவது? நிறுத்திய பிறகு பரிசு யாருக்கு?

கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்கு விடை காண உலக சைக்கிள் பந்தயத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த வரலாறு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார்கள். அதனால் இது நம் பக்கத்துக் கதையும்தான்.

அண்ணா சைக்கிள் போட்டி

பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கான சைக்கிள் போட்டியை நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்டோர், 15 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மாணவர், மாணவியர் தனித்தனி. ஆக மொத்தம் ஆறு பந்தயங்கள். சிறுமிகளுக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கி, பெரிய மாணவர்களுக்கு 20 கிலோமீட்டர் வரை தூரம் இருக்கும். கியர் வைத்த சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். தினமும் பள்ளிக்குப் போகும் அதே சைக்கிளில் பந்தயத்துக்கும் வரலாம் என்பதுதான் இந்தப் போட்டியின் அழகு!

இப்போது சாலையைப் பார்ப்போம். சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் நிறைந்திருப்பதால் அரசு சிமெண்ட் ஆலை உட்படப் பல சிமெண்ட் ஆலைகள் அங்கே உள்ளன. கல் ஏற்றிப் போகும் லாரியும் மூட்டை ஏற்றி வரும் லாரியும் அந்த மாவட்டச் சாலைகளில் அன்றாடக் காட்சி. ஐரோப்பியப் பந்தயங்களுக்குச் சாலையை மூடிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கு அவ்வளவு ஏற்பாடு எல்லா ஊரிலும் சாத்தியமில்லை. ஆகவே விபத்து நடந்தால் பந்தயத்தை நிறுத்தும் முறை பெரிய பந்தயத்தைவிடச் சின்னப் பந்தயத்துக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

1956: அரியலூர் ரயில் விபத்து

நிறுத்துவது என்றால் என்ன என்பதை இந்தியாவுக்கு உணர்த்திய ஊர்களில் ஒன்று அரியலூர். 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்துக்கொண்டு போயிருந்தது. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் வெள்ளத்தில் மூழ்கின. இறந்தவர்கள் 140-க்கும் மேல். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் ரயில் விபத்து நடந்தபோதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பிறகு தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். (பிற்காலத்தில் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23 அன்றுதான், 2007-ல். என்ன ஒரு தற்செயல்!)

சைக்கிள் பந்தயத்துக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விபத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை ரயில்வே வெகு காலத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது. அதில் மூன்று விஷயங்களைப் பந்தயம் நடத்துவோர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஒரு ரயில் இரண்டு நிலையங்களுக்கு இடையே இருக்கும்போது, அது கடந்துவிட்டது என்ற தகவல் வராமல் அடுத்த ரயிலை அந்தப் பாதையில் அனுப்பக் கூடாது.

இரண்டாவது, வழியில் விபத்து நடந்தால் ரயிலின் கார்டு (2022 முதல் 'ரயில் மேலாளர்' என்று பெயர்) பின்னால் வரும் ரயிலைத் தடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இன்றைய விதிப்படி அகலப் பாதையில் 600 மீட்டர் தொலைவில் ஒன்றும், 1200 மீட்டர் தொலைவில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றுமாகத் தண்டவாளத்தின் மேல் 'டெட்டனேட்டர்' எனப்படும் சிறு வெடிகளைப் பொருத்துவார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். சத்தம் கேட்டதும் ஓட்டுநர் நிறுத்துவார். அடிபட்டவர்களைக் காப்பாற்றுவது ஒருபுறம் இருக்க, பின்னால் வருபவர்களை அடிபடாமல் காப்பது அதற்கும் முந்திய வேலை என்பது இதன் பொருள்.

மூன்றாவது, பொறுப்புக்கு ஒரு ஆள். "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்பது அங்கே செல்லாது.

இந்த மூன்றும் சைக்கிள் பந்தயத்துக்கு எப்போது வந்து சேர்ந்தன என்று இனிப் பார்ப்போம்.

உதவி வாங்கினால் தண்டனை!

1868 மே 31 அன்று பாரிஸ் அருகே செயின்ட் க்ளூ பூங்காவில் நடந்ததே முதல் சைக்கிள் பந்தயம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. பந்தயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 1900-ல் உருவானது. புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' 1903-ல் தொடங்கியது.

அந்தக் காலத்தில் பந்தயம் என்றால் தன் பாடு தன்னோடு. 1913-ல் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரரின் சைக்கிள் முன் ஃபோர்க் மலைப்பாதையில் உடைந்துபோனது. அவர் சைக்கிளைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே இரும்பைக் காய்ச்சிச் சரிசெய்தார். துருத்தியை ஊத ஒரு சிறுவன் கைகொடுத்தான். அதற்காக அவருக்கு நேர அபராதம் போட்டார்கள்! பிறர் உதவியைப் பெறுவதே குற்றம் என்று இருந்த விளையாட்டில், பிறருக்காகப் பந்தயத்தை நிறுத்துவது என்ற எண்ணம் எப்படி முளைக்கும்?

ஆனால் அதே டூரில் 1910-லேயே ஒரு நல்ல வழக்கம் தொடங்கியிருந்தது. பந்தயத்தின் கடைசியில் ஒரு வண்டி வரும். ஓட்ட முடியாமல் நின்றவர்களை அது கூட்டிப் பெருக்குவதுபோல ஏற்றிக்கொண்டு வரும். அதனால் அதற்குத் 'துடைப்ப வண்டி' என்றே பெயர் வந்தது. எவரும் வழியில் விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்கான முதல் ஏற்பாடு அது.

மரணம் நடந்தும் நிற்காத பந்தயம்

1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸில் ஒரு மலை இறக்கத்தில் பல வீரர்கள் விழுந்தார்கள். அவர்களில் இத்தாலியின் ஃபேபியோ கசார்டெல்லி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், தலையில் அடிபட்டு இறந்துபோனார். பந்தயம் நிற்கவில்லை. மாலையில் எல்லைக்கோட்டில் வெற்றியாளர் வந்து சேர்ந்தார், பரிசளிப்பும் நடந்தது. மறுநாள் வீரர்கள் தாங்களாகவே போட்டியிடாமல் மெதுவாக ஓட்டி, இறந்தவரின் அணித் தோழர்களை முன்னால் அனுப்பி அஞ்சலி செலுத்தினார்கள். 2011-ல் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் பெல்ஜியத்தின் வூட்டர் வெய்லாண்ட் இறந்தபோதும் அஞ்சலி மறுநாள்தான் வந்தது.

இந்த மறுநாள் அஞ்சலிகள் மனதைத் தொடுபவை. ஆனால் அவை துக்கம். பாதுகாப்பு அல்ல. விபத்து நடந்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

ஹெல்மெட் விஷயத்திலும் இதே தாமதம்தான். 1991-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது வீரர்களே வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ் - நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தானின் ஆந்திரேய் கிவிலெவ் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான், அந்த ஆண்டு மே மாதம் ஹெல்மெட் கட்டாயமானது.

2015: ஆம்புலன்ஸ் தீர்ந்தால் பந்தயம் நிற்கும்

திருப்பம் 2015 ஜூலை 6 அன்று வந்தது. டூர் டி பிரான்ஸின் மூன்றாம் நாள், பெல்ஜியத்தில், வேகமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர் விழ, அவர்மேல் மற்றவர்கள் என்று ஏறக்குறைய இருபது பேர் குவிந்தார்கள். சிறிது தூரத்தில் இன்னொரு விபத்து. மருத்துவர்களும் ஆம்புலன்ஸ்களும் அடிபட்டவர்களிடமே நின்றுவிட்டன. முன்னால் போகும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பின்னால் ஒரு மருத்துவ வண்டிகூட இல்லை. பந்தய இயக்குநர் கிறிஸ்டியான் ப்ருதோம் தன் காரை முன்னால் வைத்து முதலில் வேகத்தைக் குறைத்தார். பிறகு பந்தயத்தை முழுவதுமாக நிறுத்தினார். மருத்துவ வண்டிகள் வந்து சேர்ந்த பிறகே மீண்டும் தொடங்கியது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, 'முதலில் மெதுவாக, பிறகு நிறுத்து' என்ற வரிசை. வேகமாக வரும் கூட்டத்தின் முன்னால் திடீரென்று கையை நீட்டினால் அதுவே இன்னொரு விபத்தாகும். இரண்டு, எப்போது நிறுத்துவது என்பதற்கான அளவுகோல். எத்தனை பேர் விழுந்தார்கள், ரத்தம் எவ்வளவு என்பதல்ல அளவு. அடுத்தவர் விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறதா என்பதே அளவு.

அன்று விழுந்தவர்களில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியை அணிந்திருந்த ஃபேபியன் கான்செல்லாராவும் ஒருவர். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. அந்த நிலையிலும் அவர் எல்லைக்கோடு வரை ஓட்டிப் போனார் என்பது குறிப்பிடத்தக்கது. பந்தயத்தில் இருப்பவர் தானாக நிற்க மாட்டார். உலகச் சாம்பியனே நிற்காதபோது பதின்மூன்று வயதுப் பிள்ளை நிற்குமா?

நின்றால் நஷ்டம் யாருக்கு?

நிறுத்தத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் பரிசுதான். முன்னால் போகிறவர், "என் உழைப்பு வீணா?" என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லாதவரை எந்த நடுவரும் துணிந்து நிறுத்த மாட்டார்.

இதற்குச் சர்வதேச விதி தெளிவான வழி சொல்கிறது. விபத்தோ வேறு சம்பவமோ பந்தயத்தைப் பாதித்தால், இயக்குநர் நடுவர் குழுவின் சம்மதத்தோடு சில முடிவுகளை எடுக்கலாம். பாதையை மாற்றலாம். பந்தயத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். அன்றைய போட்டியையே ரத்து செய்யலாம். ஒரு பகுதியை மட்டும் ரத்து செய்து விபத்து நடந்த இடத்தருகே மறுபடி தொடங்கலாம். அதுவரை வந்த முடிவை அப்படியே ஏற்கலாம். அல்லது விபத்து நேரத்தில் யாருக்கும் யாருக்கும் எவ்வளவு இடைவெளி இருந்ததோ, அதே இடைவெளியில் மீண்டும் விடலாம்.

இந்த விதி ஏட்டோடு நிற்கவில்லை. 2019 ஜூலை 26 அன்று ஆல்ப்ஸ் மலையில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் பாதையை அடைத்தபோது டூர் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய மலை உச்சியில் எடுத்த நேரமே கணக்கில் கொள்ளப்பட்டது. 2024 ஏப்ரலில் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் யோனஸ் விங்கேகார் உட்படப் பல முன்னணி வீரர்கள் விழுந்தபோது, முன்னால் போய்விட்ட ஆறு பேரை மட்டும் அன்றைய வெற்றிக்குப் போட்டியிட விட்டு, மொத்தப் பட்டியலுக்கான நேரத்தைக் கணக்கிடாமல் விட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் பிரான்ஸின் டோஃபினே பந்தயத்தில் மழையில் பெருங்கூட்டம் விழுந்து ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அங்கேயே தேவைப்பட்டபோது, அன்றைய நாள் வெற்றியாளரே இல்லாமல் முடிக்கப்பட்டது. 1995-க்கும் 2024-க்கும் இடையே உலகம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்!

கண்ணில் படாத விபத்து

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. விபத்து நடந்தது தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? 2024 செப்டம்பர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் நடந்த உலக இளையோர் போட்டியில், 18 வயது முரியல் ஃபுரர் மழையில் நனைந்த காட்டுப் பாதையில் விழுந்தார். யாரும் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்தே அவர் கண்டுபிடிக்கப்பட்டார். மறுநாள் இறந்துபோனார். கடைசியில் வரும் வண்டி இருந்தும், கேமராக்கள் இருந்தும், ஒரு ஆள் குறைந்தது தெரியவில்லை. அதன் பிறகு சர்வதேசச் சங்கம் 2025-ல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகப் போட்டிக்கு வீரர்கள் எல்லாருக்கும் இருப்பிடம் காட்டும் கருவியைக் கொண்டுவந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளில் கருவி பொருத்த வேண்டியதில்லை. தலைகளை எண்ணினால் போதும். புறப்பட்டவர் எத்தனை பேர், பாதித் தூரத்தில் திரும்பியவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர்? சுற்றுலாவுக்குப் பேருந்தில் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர் செய்யும் வேலைதான் இது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் எப்படிப் பொருந்தும்?

ரயில்வே விதியையும் உலகப் பந்தயங்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாவட்டப் போட்டிக்குப் பெரிய செலவில்லாத சில முறைகள் கிடைக்கின்றன.

1. நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு. அவர் யார் என்பது புறப்படும் முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் காவலர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. முன்வண்டியைத் தாண்டி யாரும் போகக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் முன்வண்டிதான் வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டும்.

3. விபத்து நடந்த இடத்துக்கு வெகு முன்பாகவே கொடியும் விசிலுமாக ஒருவர் நிற்க வேண்டும். டெட்டனேட்டர் செய்யும் வேலையை அவர் செய்வார்.

4. ஒரு பிரிவு பாதையில் இருக்கும்போது விபத்து நடந்தால், அடுத்த பிரிவுக்குக் கொடி அசைக்கக் கூடாது. ஆறு பந்தயங்கள் வரிசையாக நடக்கும் போட்டியில் இது மிக முக்கியம்.

5. ஒரே ஆம்புலன்ஸ் இருக்கும் போட்டி, அந்த ஆம்புலன்ஸ் புறப்பட்டதும் நின்றாக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் தமிழகத்துக்கு வந்தது பெரிய வரப்பிரசாதம். அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் போன் செய்து வரவழைக்கும் வண்டி வேறு, பந்தயத்தின் பின்னாலேயே வரும் வண்டி வேறு.

6. நிறுத்தினால் பரிசு எப்படி என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மறுபடி ஓட்டுவதா, நிறுத்திய நேரத்து வரிசையை ஏற்பதா என்று முடிவெடுத்து வைத்துவிட்டால், நிறுத்தும்போது தகராறு வராது.

7. விழுந்தவருக்காக நின்ற பிள்ளைக்கு நஷ்டம் வரக் கூடாது.

இந்தக் கடைசி முறைதான் எல்லாவற்றிலும் கடினமானது. முதல் பரிசு 5000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செங்கல் சூளையிலோ முந்திரிக் காட்டிலோ கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தொகை. அந்தப் பிள்ளையின் கண் முன்னால் கூடப் படிப்பவள் விழுகிறாள். நிற்பதா, மிதிப்பதா? பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. விதி அந்தச் சுமையைப் பெரியவர்கள் தோளுக்கு மாற்றுகிறது. "நீ நில், உன் இடம் உனக்கு இருக்கும்" என்று பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், எந்தப் பிள்ளையும் தயங்காது.

முடிவுரை

சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றை வேகத்தின் வரலாறாக எழுதுவது வழக்கம். யார் முதலில் வந்தார், எத்தனை மணி நேரத்தில் வந்தார் என்பதே அதில் நிறைந்திருக்கும். ஆனால் அதே வரலாற்றை நிறுத்தக் கற்றுக்கொண்ட வரலாறாகவும் படிக்கலாம். துருத்தி ஊதிய சிறுவனுக்காக அபராதம் போட்ட விளையாட்டு, 2015-ல் ஆம்புலன்ஸுக்காகக் காத்து நின்றது. 2024-ல் வெற்றியாளரே இல்லாமல் ஒரு நாளை முடித்துக்கொண்டது. இடையில் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன என்பதுதான் வருத்தம்.

மருதையாற்றில் 1956-ல் போன உயிர்களுக்காக ஒரு அமைச்சர் பதவியை விட்டார். அது பெரிய மனது. ஆனால் விபத்துக்குப் பிறகு பொறுப்பேற்பதைவிட, விபத்துக்கு முன்பே பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்து வைப்பது இன்னும் பெரிய காரியம். அடுத்த செப்டம்பரில் பெரம்பலூரிலோ அரியலூரிலோ பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையில் நிற்கும்போது, கொடி அசைக்க ஒருவர் இருப்பார். நிறுத்தச் சொல்லவும் ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால், அவர்கள் இன்னும் தைரியமாகவே மிதிப்பார்கள்.